மூன்றாவது இடம்

எங்கள் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தது நான்தான். நெற்றியில் வைக்கச் சொன்னார் பெர்சனல் ஆபீசர். இதில் நெற்றி எது சார் என்று கேட்டேன். முறைத்தார். நானாகப் பார்த்து மானிட்டரின் மேல் ஓரத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் உருட்டி வைத்தேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. மதுரையிலிருந்து வாடிப்பட்டிக்குப் போகும் சாலையில் இருந்த நூற்பாலை. டைம் ஆபீஸுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, ஏ.சி. போட்டுக் கம்ப்யூட்டரை வைத்தார்கள். மனிதர்கள் வேலை செய்த எந்த இடத்திலும் அந்த மில்லில் ஏ.சி. கிடையாது. செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வேலை முடிந்து போகிறவர்களில் சிலர் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

நான் அந்த மில்லுக்கு வந்ததே என் அப்பாவின் இடத்துக்குத்தான். டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர், வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். முதல் நாள் போனபோது அவருடைய மேஜையைத் துடைத்து வைத்திருந்தார்கள். டிராயருக்குள் ஒரு குண்டூசிகூட இல்லை. அவர் அங்கே இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு நாற்காலிக் கையில் இருந்த தேய்மானம்தான் அடையாளம். அதன்மேல் கையை வைக்காமலே ரொம்ப நாள் வேலை செய்தேன்.

ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜுக்கு மேலே மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது. அங்கே சேர்ந்து பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்தேன். அதனால் மில்லில் கம்ப்யூட்டர் பெண் என்று எனக்குப் பெயர் வந்தது. ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தவர் கோயம்புத்தூர்க்காரர். அதை ஓட்டுவதும் பேப்பரில் அடித்து எடுப்பதும் மட்டும்தான் என் வேலை.

அந்தக் கம்ப்யூட்டருக்கு முதலில் கொடுத்த வேலை பதிலி வரிசை. நிரந்தரத் தொழிலாளி ஒருவர் வராத நாளில் அவருக்குப் பதிலாக வேலை செய்கிறவருக்குப் பதிலி என்று பெயர். காலையில் கேட்டுக்கு வெளியே பதிலிகள் எல்லோரும் வந்து நிற்பார்கள். டைம் கீப்பர் வரிசைப்படி பெயர்களைக் கூப்பிடுவார். அன்றைக்கு உள்ளே எத்தனை பேர் வரவில்லையோ அத்தனை பேருக்குத்தான் வேலை. மற்றவர்கள் எதிர்க்கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பப் பஸ் ஏற வேண்டியதுதான். வரிசையில் மேலே போகப் போக வேலை கிடைக்கும் நாட்கள் கூடும். மில்லில் இடம் காலியானால் வரிசையின் தலையில் இருப்பவர்களை நிரந்தரமாக்குவார்கள். ஆகவே ஒவ்வொருவரும் தன் இடத்தை உயிரைப் போலப் பார்த்துக்கொண்டார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. யூனியனோடு பேசி எழுதிக் கையெழுத்தான வழக்கம். பதிலி ஒருவர் இறந்துபோனால் அவருடைய மனைவியோ பிள்ளையோ அவர் நின்ற அதே இடத்தில் வந்து நிற்கலாம். புது ஆளாகக் கடைசியில் நிற்க வேண்டியதில்லை.

முன்பெல்லாம் இந்த வரிசை பேனாவில் எழுதப்பட்டிருந்தது. சாயங்காலம் பன்னிரண்டாவதாக இருந்தவர் மறுநாள் காலையில் எட்டாவதாக இருப்பார். எப்படி என்று கேட்டால் அடிதடிதான் வரும். கம்ப்யூட்டர் வாங்கியதே அந்தப் பேனாவை ஒழிக்கத்தான். இனிமேல் மெஷினில் அடித்து வரும் தாள் மட்டுமே செல்லும், அதில் தன் கையெழுத்தைத் தவிர மையால் ஒரு புள்ளி இருந்தாலும் செல்லாது என்று ஆபீசர் நோட்டீஸ் ஒட்டினார். அந்த விஷயத்தில் அவர் செய்தது நியாயம்தான், அதை நான் மறுக்கவில்லை.

கோயம்புத்தூர்க்காரர் எழுதிய ப்ரோக்ராமில் பெயர்கள் ஒரு வரிசையாக இருந்தன. ப்ரோக்ராம் படித்தவர்கள் அதை அரே என்பார்கள். பெட்டிகளை வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கூடினால் வரிசை தானாக நீளும், புதியவர் கடைசிப் பெட்டியில் உட்காருவார். ஓர் ஆளை எடுத்துவிட்டால் அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு பெட்டி முன்னால் நகர்ந்து, நடுவில் ஓட்டை இல்லாமல் அடைத்துக்கொள்வார்கள். சேர்ப்பது, நீக்குவது என்று அந்த ப்ரோக்ராமுக்குத் தெரிந்தவை இரண்டே காரியங்கள். ஓர் ஆள் போய் அதே இடத்துக்கு இன்னோர் ஆள் வருவார் என்று அந்த மனிதருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

கார்த்திகை மாதம் வகுப்பில் பரீட்சை என்று நான் சில நாள் லீவு போட்டிருந்தேன். திரும்பி வந்த அன்று காலையில் டைம் ஆபீஸ் வாசலில் ஒரே சத்தம். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கண்ணாடிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டைம் கீப்பர் அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஊரில் எல்லோருக்கும் அண்ணன் அவர், எனக்கும் அண்ணன்.

"நீதான கம்ப்யூட்டரு பொண்ணு?" என்றாள் அவள்.

"ஆமாக்கா. செருப்ப விட்டுட்டு உள்ள வாங்க."

"உள்ள வாரது கெடக்கட்டும். எம் வீட்டுக்காரரு மூணாவதா நின்ன மனுசன். என்னயக் கொண்டுபோயி கடேசில போட்டிருக்கீகளே, இது நாயமா?"

எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் பதிலியாக இருந்த வாடிப்பட்டிக்காரரின் மனைவி. சமயநல்லூர் பக்கம் சைக்கிளில் வரும்போது லாரி அடித்து அவர் செத்துப்போனது போன மாதம்தான். ஆபீசர் அவளுடைய பேப்பரை எல்லாம் பார்த்து, அதே பிரிவில் பதிலியாக எடுத்துக்கொண்டிருந்தார். நான் இல்லாத சமயத்தில், கம்ப்யூட்டரில் தானே கை வைக்க வேண்டும் என்ற ஆசையில், அவரே உட்கார்ந்து இரண்டு விரலால் தட்டியிருக்கிறார். கணவனை நீக்கினார். மனைவியைச் சேர்த்தார். ப்ரோக்ராம் சொன்ன வேலையைச் செய்துவிட்டது. அவனுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் ஓரிடம் முன்னால் வந்தார்கள், அவள் வாலுக்குப் போய்விட்டாள்.

"தெனமும் மொத பஸ்ஸுக்கு வாரேன். எம் பேர வாசிக்கிறதுக்குள்ள உள்ள ஆளு ரொம்பிருது. திரும்பிப் போறேன்," என்றாள். குரல் திடீரென்று இறங்கிவிட்டது. "அவரு எனக்கு வீட்டையா விட்டுட்டுப் போனாரு, வயலையா விட்டுட்டுப் போனாரு? மழையிலயும் வெயில்லயும் இந்தக் கேட்டுல நின்னு நின்னு மேல வந்தாரே, அந்த ஒரு எடந்தாம்மா. அதயும் நீங்க எடுத்துக்கிட்டா நான் களையெடுக்கத்தான் போகணும்."

அதைவிட மோசம், வருகிற திங்கட்கிழமை வைண்டிங்கில் முதல் ஐந்து பதிலிகளை நிரந்தரமாக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. கணவனின் இடத்தில் இருந்தால் அவளும் அந்த ஐவரில் ஒருத்தி. இந்த வரிசையே நிலைத்துவிட்டால் அவளுக்கு நிரந்தரம் என்பது இந்த ஜென்மத்தில் இல்லை.

நேராக ஆபீசரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"மெஷின் குடுத்த லிஸ்ட்டும்மா. அதுல நாம எப்படிக் கை வைக்கிறது?"

"மெஷின் எங்க சார் குடுத்துச்சு? நீங்க நீக்குங்கிறீங்க, அது நீக்குது. சேருங்கிறீங்க, சேர்க்குது. அவங்க செத்தவரு எடத்துக்கு வந்தவங்கன்னு அதுக்கு யாராவது சொன்னாங்களா?"

"சத்தம் போடாத."

"நான் சத்தமே போடல சார். இனிமேத்தான் போடப் போறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். நல்ல மனிதர்தான், கொஞ்சம் பயந்த சுபாவம். பேனாவில் திருத்தினால் பழைய கதை மறுபடி ஆரம்பித்துவிடும் என்றார். அது உண்மைதான். கோயம்புத்தூருக்கு டிரங்க் கால் போட்டார். ப்ரோக்ராம் எழுதியவர் தை பிறந்ததும் வருவதாகச் சொன்னார். கடைசியில் ஆபீசர் என்னைப் பார்த்து, "மாத்துறதுன்னா ப்ரோக்ராம்ல மாத்து. எல்லாருக்கும் பொதுவான ஒரு வழியா இருக்கணும். நாளைக்கு இன்னொருத்தரு செத்தாலும் அதுலயே வரணும். கையால ஒண்ணும் எழுதக்கூடாது," என்றார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது.

நான் ப்ரோக்ராமைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த செய்தி எப்படித்தான் பரவியதோ, மத்தியானம் இன்னோர் ஆள் வந்து நின்றான். அலங்காநல்லூர்க்காரன். என் வயசுதான் இருக்கும். ஆறாவதாக நின்றவன், இந்தக் குளறுபடியில் ஐந்தாவதாகிவிட்டான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஏ.சி. குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அக்கா, நான் என்னக்கா தப்புப் பண்ணேன்? மெஷினே எனக்கு அஞ்சாவது எடம்னு சொல்லிருச்சு. தையில கல்யாணம். நெரந்தரம்னு சொல்லித்தான் பொண்ணு வீட்டுல பேசி முடிச்சிருக்கு."

"தப்பு உம் மேல இல்லப்பா. ஆனா அது ஒன் எடம் இல்லயே."

"அப்ப யாரு எடம்? செத்துப்போன ஆளு எடமா? அந்த அண்ணே இருந்தா நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன். அவருதான் இல்லையே!"

அவன் கதவு வரைக்கும் போய்த் திரும்பினான்.

"ஒங்களுக்கென்னக்கா. ஒங்கப்பா செத்தாரு, ஒங்களுக்கு வேல கெடச்சுச்சு. எங்கப்பா இன்னும் வயக்காட்டுல கூலிக்குப் போறாரு."

சுருக்கென்றது. அவன் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? ஒருவர் இடத்தில் ஒருவரை வைப்பது என்று முடிவு செய்துவிட்டால், பின்னால் நிற்கிறவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் அவர்களிடமிருந்து எதையும் பறித்ததாகவும் ஆகாது. இதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்கிற நிலையில் அவன் இல்லை, சொல்கிற நிலையில் நானும் இல்லை. அவன் போன பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

ப்ரோக்ராமில் செய்ய வேண்டியது எவ்வளவு சின்னக் காரியம் என்று தெரிந்தபோது தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சேர்ப்பதற்கு இரண்டு பக்கம் எழுதியிருந்தார் அந்த மனிதர். இடம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பெரிய வரிசையாக எடுத்து, எல்லோரையும் அதில் ஏற்றி, கடைசியில் புதியவரை உட்கார வைக்க வேண்டும். நீக்குவதற்கு ஒரு பக்கம். இடத்தை மாற்றாமல் ஆளை மாற்றுவதற்கு ஒரே ஒரு வரி போதும். இந்த எண்ணுள்ள பெட்டியில் இனி இந்தப் பெயர், அவ்வளவுதான். யாரும் நகர வேண்டாம், வரிசை நீளவும் வேண்டாம்.

ஒரு வரி என்றாலும் கண்ணி அதில்தான் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணும். நமக்கு முதல் ஆள் என்றால் அதற்குப் பூஜ்யம், நமக்கு மூன்றாவது என்றால் அதற்கு இரண்டு. வகுப்பில் தலைகீழாகப் படித்த பாடம். ஆனாலும் ஒத்திகைக்காக எடுத்து வைத்த பிரதியில் மூன்று என்று தட்டிவிட்டேன். நான்காவதாக இருந்தவர், மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்ற மனிதர், சத்தமே இல்லாமல் காணாமல் போய்விட்டார். அவர் பெயர் இருந்த இடத்தில் அவளுடைய பெயர். திரையில் ஓர் எச்சரிக்கை இல்லை, ஒரு பீப் சத்தம்கூட இல்லை. அடப்பாவி மெஷினே என்று வாய்விட்டே சொன்னேன். பிறகு, மனிதர் சொல்லும் எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்ளும்படியும், மாற்றுவதற்கு முன்னால் பழைய பெயரைக் காட்டி, இவரைத்தானா என்று கேட்கும்படியும் எழுதினேன். அந்தக் கேள்வியைக் கோயம்புத்தூர்க்காரர் பிறகு வந்தபோது தேவையில்லை என்றார். எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆபீசரும் டைம் கீப்பர் அண்ணனும் சாட்சியாக வந்து நின்றார்கள். அந்த அக்காவையும் வரச் சொல்லியிருந்தேன். கணவனை நீக்குவதற்கு முன்னால் வரிசையைப் பதிந்து வைத்திருந்த போன மாதத்து ஃப்ளாப்பியை எடுத்துப் போட்டேன். இடையில் வேறு ஆள் வரவும் இல்லை, போகவும் இல்லை. ஆகவே அதிலிருந்து தொடங்குவதுதான் சுத்தம். பச்சை எழுத்தில் வரிசை வந்தது. மூன்றாவதாக அவளுடைய கணவன் பெயர் இருந்தது.

"அதுல எது அவரு பேரு?" என்றாள். இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தெரியாது.

விரலால் காட்டினேன். குனிந்து பார்த்தாள். பிறகு கையை நீட்டித் தொட்டாள். திரையின் கண்ணாடி சுள்ளென்று ஷாக் அடித்தது. அந்தக் காலத்து மானிட்டர்கள் அப்படித்தான். அவள் கையை எடுக்கவில்லை.

"நான் அதுல வந்தா, இவரு எங்க போவாரு?"

ஆபீசர் வாசல் பக்கம் பார்த்தார். நான் பொய் சொல்லியிருக்கலாம். எங்கேயோ பத்திரமாக இருக்கும் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

"எங்கயும் இருக்க மாட்டாருக்கா. ஒங்க பேர அதே எடத்துல எழுதுனா, இருந்தது அழிஞ்சிரும். அடுத்தாப்ல இந்த ஃப்ளாப்பி மேலயும் புதுசுதான் ஏறும்."

எனக்கு அப்பாவின் டிராயர் ஞாபகம் வந்தது. துடைத்து வைத்தவர்கள் மேல் இத்தனை நாள் எனக்கு எவ்வளவு கோபம்! யாரோ உட்கார வேண்டும் என்றுதான் துடைத்திருக்கிறார்கள். அந்த யாரோ நான்.

"சரிம்மா. மாத்து," என்றாள்.

எண்ணைத் தட்டினேன். பழைய பெயரைக் காட்டி, இவரைத்தானா என்று திரை கேட்டது. ஆமாம் என்றேன். அவ்வளவுதான், மூன்றாவதாக அவள் பெயர் வந்துவிட்டது. மேலே இருந்த இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். கீழே இருந்தவர்களும் அப்படியே இருந்தார்கள், அலங்காநல்லூர்க்காரன் ஆறாவதாக. பிரின்டர் கரகரவென்று தாளைத் தள்ளியது. ஆபீசர் அதை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். கதவுக்கு வெளியே வந்த பிறகுதான் அந்த அக்கா அழுதாள்.

அலங்காநல்லூர்க்காரனுக்கு அடுத்த வருஷம் நிரந்தரமானது. அந்தத் தையில் அவன் கல்யாணம் நடக்கவில்லை. பிறகு நடந்தது, எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு, கோபம் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையில் நான் வழக்கத்தைவிட முந்திய பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டேன். டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாகக் கேட் தெரியும். பதிலிகள் கூட்டமாக நின்றார்கள். டைம் கீப்பர் அண்ணன் புதுத் தாளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, நிரந்தரமாகிற ஐந்து பேரைக் கூப்பிட ஆரம்பித்தார். முதல் பெயருக்கு ஒருவர் கையைத் தூக்கி உள்ளே வந்தார். இரண்டாவது பெயருக்கு ஒருவர் வந்தார். மூன்றாவது பெயருக்கு அண்ணன் தாளைப் பார்க்கவே இல்லை. தினம் தினம் கூப்பிட்ட வாய், செத்துப்போனவரின் பெயரைக் கணீரென்று கூப்பிட்டுவிட்டது.

அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டு தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவர் திருத்திக் கூப்பிடுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இருக்கோம்ணே," என்றாள் அவள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, கேட்டுக்குள் வந்தாள்.